இருவர், ஒரு வண்டி, எல்லைப்புற மலைகள்: கின்னௌர் வழியாக லடாக்

நாற்பது வயதைக் கடந்த கணவன் மனைவி இருவர், ஒரே 350 சிசி மோட்டார் சைக்கிளில், செப்டம்பரில் 24 நாட்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சண்டிகரில் தொடங்கி லடாக்கின் எல்லைப்புறச் சாலைகளைச் சுற்றிவர விரும்புகிறீர்கள். மனைவி முழுவதும் பின்னிருக்கையில்தான் அமர்வார். மலைச்சாலை அனுபவம் ஊட்டி, கொடைக்கானலோடு சரி. எந்த வழியில் போவது, எதற்கு அஞ்சுவது என்பது உங்கள் கேள்வி.

போகலாம். வண்டியும் போதும், வயதும் தடையில்லை. நானும் என் மனைவியும் இந்த நிலப்பரப்பில் மூன்று முறை வண்டியில் சுற்றியிருக்கிறோம். முதல் முறை ஏறக்குறைய எல்லாவற்றையும் தவறாகச் செய்தோம், ஆகவே கீழே சொல்வதில் பாதி அந்தத் தவறுகளிலிருந்து கற்றது. வண்டி எது, டயர் எது, பெட்டி எது என்று பலரும் மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். அவற்றைவிடப் பெரிய முடிவு ஒன்று உண்டு: லடாக்குக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்பதே அது. அந்த முடிவை எடுக்கும்போது வண்டி ஓட்டுபவரின் ஆசையைவிடப் பின்னால் அமர்பவரின் உடலைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வாசல்கள் மூன்று. ஸ்ரீநகரிலிருந்து சோஜிலா, கார்கில் வழியாக வருவது ஒன்று. மணாலியிலிருந்து பாராலாச்சா, தங்லாங் லா கணவாய்களைக் கடந்து வருவது மற்றொன்று. சிம்லாவில் தொடங்கி, சட்லெஜ் ஆற்றங்கரையோடு இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத்துக்குள் புகுந்து, ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கைச் சுற்றி, குன்சும் கணவாயைக் கடந்து மணாலி–லே சாலையில் போய்ச் சேருவது மூன்றாவது. உங்களிடம் 24 நாட்கள் இருப்பதால், தயங்காமல் மூன்றாவது வழியில் நுழைந்து ஸ்ரீநகர் வழியில் வெளியேறுங்கள் என்பேன். விடுப்பு பதினைந்து நாட்களுக்குள் சுருங்கிவிட்டால் ஸ்ரீநகர் வழியில் நுழைந்து மணாலி வழியில் இறங்குங்கள். மணாலி வழியில் நுழைவதை மட்டும் எந்தக் கணக்கிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்குக் காரணம், மலையில் உடலை வருத்துவது பகலில் கடக்கும் கணவாயின் உயரத்தைவிட இரவில் உறங்கும் இடத்தின் உயரமே என்பதுதான். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்த இடத்தில் உறங்கக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓர் இரவு கூடுதலாகத் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் வகுத்துள்ள பொதுவிதி. இப்போது மணாலி வழியைப் பாருங்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர், அடுத்த இரவு ஜிஸ்பா சுமார் 3,200, அதற்கடுத்த இரவு சார்ச்சு சுமார் 4,290. இரண்டே நாட்களில் 2,200 மீட்டர் மேலே போய்ப் படுக்கிறீர்கள். ரோத்தாங் கணவாயில் ஏறி இறங்கும் வேலையை 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கி.மீ. நீள அடல் சுரங்கம் நீக்கிவிட்டதால், பயணம் இன்னும் விரைவாகிவிட்டது. உடல் பழகும் வேகம் மட்டும் பழையபடியேதான் இருக்கிறது.

கின்னௌர் வழியில் சிம்லா 2,200, சாங்லா சுமார் 2,700, கல்பா 2,960, நாகோ சுமார் 3,600, தாபோ 3,280, காசா சுமார் 3,700 என்று படிப்படியாக ஏறுகிறீர்கள். கல்பாவிலிருந்து நாகோவுக்குப் போகும் இடத்தில் மட்டும் விதி சற்று மீறப்படுகிறது. அதற்காகக் கல்பாவில் இரண்டு இரவுகள் தங்கலாம், அல்லது நாகோ ஏரியைப் பகலில் பார்த்துவிட்டுத் தாபோவுக்கு இறங்கிப் படுக்கலாம். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம்.

சார்ச்சுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் முதல் பயணம் ஏறக்குறைய அங்கேயே முடிந்திருக்கும். மணாலியிலிருந்து இரண்டாம் நாள் மாலை அங்கே கூடாரத்தில் தங்கினோம். இரவு பத்து மணிக்கு என் மனைவிக்குத் தலைவலியும் வாந்தியும் தொடங்கின. நான் நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் வலக்கைக் கையுறையை இடக்கையில் மாட்ட முயன்று, அது ஏன் நுழையவில்லை என்று புரியாமல் நான் வெகுநேரம் நின்றுகொண்டிருந்ததை அவர்தான் கவனித்தார். அந்த இடத்தின் பொறி என்னவென்றால், அங்கிருந்து கீழே இறங்க வேண்டுமானால் முதலில் மேலே ஏற வேண்டும். தெற்கே 4,800 மீட்டருக்கு மேல் பாராலாச்சா, வடக்கே 5,000 மீட்டரைத் தாண்டிய லாச்சுலுங் லா. நோய் முற்றினால் உடனே இறங்குவதே உரிய சிகிச்சை, ஆனால் இறங்குவதற்கான சாலை ஏறிச் செல்கிறது. அன்று நாங்கள் ஒரு லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு பாராலாச்சாவைத் தாண்டி ஜிஸ்பாவுக்குத் திரும்பினோம். ஸ்பிட்டியில் நான்கைந்து இரவுகள் உறங்கிப் பழகிய உடலோடு அடுத்த முறை அதே சார்ச்சுவில் தங்கியபோது, லேசான தலைபாரத்தைத் தவிர எதுவும் நேரவில்லை. பாங் என்ற இடம் சுமார் 4,600 மீட்டரில் இருக்கிறது. அங்கே தேநீர் குடியுங்கள், படுக்காதீர்கள்.

உயரத்தால் வரும் இந்த நோயை மருத்துவர்கள் ஏ.எம்.எஸ். (அக்யூட் மவுண்டன் சிக்னஸ்) என்கிறார்கள். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, மயக்கம், மிகுந்த சோர்வு ஆகியவை அதன் தொடக்கம். அதே இடத்தில் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் அடங்கிவிடும். ஓய்வில் இருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், உதடு நீலமாவது ஆகியவை நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறிகள். நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்க முடியாமல் தள்ளாடுவதும் பேச்சில் குழப்பமும் மூளை வீங்குவதன் அறிகுறிகள். இவற்றில் எது தென்பட்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, கிடைக்கும் வாகனத்தில் இறங்கிவிட வேண்டும். தனியாகப் போகிறவரைவிடத் தம்பதிக்கு இருக்கும் பெரிய வசதி இதில்தான். தன் மூளை மந்தமாவதைத் தானே உணர முடியாது, அடுத்தவர் உணர முடியும். தினமும் இரவு உணவுக்கு முன் ஒருவரையொருவர் பத்தடி நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பாருங்கள். வேடிக்கையாகத்தான் தொடங்கும், சார்ச்சுவுக்குப் பிறகு நாங்கள் அதை ஒரு நாளும் விட்டதில்லை.

எரிச்சலும் இந்த நோயின் போக்கில் வருவதே. 4,000 மீட்டருக்கு மேல் கணவன் மனைவிக்குள் வரும் சண்டைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றில் பாதி ஆக்சிஜன் குறைவால் வருபவை. லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கர்துங் லா கணவாயின் உச்சியில் ஏறத்தாழ பாதி. எந்தச் சாலை, எந்த ஊர் என்ற முடிவுகளை மதிய உணவுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. இன்னொன்று: இருவரில் யார் ‘நிறுத்து’ என்றாலும் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும் என்று புறப்படுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பவர் சாலையைப் பார்க்காமல் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறார் என்பதை ஓட்டுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மருந்து விஷயத்தில், அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்துகிறது. முன்காப்பாக 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து எடுத்துக்கொள்வது வழக்கமான அளவு. எனினும் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கருத்தடை மாத்திரை ஆகியவற்றைப் பற்றியும் அதே அமர்வில் பேசிவிடுங்கள். இந்த மாத்திரை விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற மரமரப்பைத் தரும். ஓட்டுபவர் அதைக் குளிர் என்று எண்ணிக் கையுறைமேல் கையுறை மாட்டிக்கொண்டு கிளட்ச் பிடிக்க முடியாமல் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். மதுவும் தூக்க மாத்திரையும் உறக்கத்தில் மூச்சைக் குறைப்பவை. அங்கே இரண்டும் வேண்டாம்.

அசெட்டசோலமைடு சிறுநீரையும் அதிகமாக்கும் என்பதால் அதோடு வேறொரு சங்கடமும் சேர்ந்துவருகிறது. ஆண்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் இது இடம்பெறுவதேயில்லை. பாங்குக்கு அப்பால் வரும் மோரே சமவெளி நாற்பது கி.மீ. அளவுக்கு ஒரு புதர்கூட இல்லாத வெட்டவெளி. மறைவிடம் கிடைக்காது என்று அஞ்சிப் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். மாலையில் தலைவலி வந்ததும் அது உயரத்தால் வந்ததா, நீரிழப்பால் வந்ததா என்று யாருக்கும் தெரிவதில்லை. நீளமான மழைக்கோட்டோ தடித்த துப்பட்டாவோ எட்டும் இடத்தில் இருக்கட்டும். சாலையிலிருந்து இறங்கி, வண்டியைக் குறுக்கே நிறுத்தி மறைவு செய்வதைப் பற்றி வெட்கப்படாமல் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மாதவிலக்குக்கு வேண்டியவற்றைச் சண்டிகரிலேயே வாங்கிவிடுங்கள்.

இனி வண்டி. 350 சிசி எஞ்சின் கீழே ஏறத்தாழ 20 குதிரைத்திறன் தருகிறது என்றால், 5,300 மீட்டரில் அது பதினொன்று அல்லது பன்னிரண்டாகச் சுருங்கிவிடும். எரிபொருளைத் தெளிக்கும் புதிய எஞ்சின்கள் கலவையைத் தாமே சரிசெய்துகொள்ளுமே தவிர, இல்லாத காற்றை உண்டாக்க அவற்றாலும் முடியாது. வண்டியின் எடை 195 கிலோ, நீங்கள் இருவரும் உடைகளோடு 150, சாமான் 30 என்றால் கிட்டத்தட்ட 375 கிலோவை இந்தச் சிறிய சக்தி இழுக்க வேண்டும். கையேட்டில் உங்கள் வண்டிக்கு எவ்வளவு சுமை அனுமதி என்று பார்த்துவிட்டு, சாமானை அதற்கேற்பக் குறையுங்கள். சார்ச்சுவுக்கு அப்பால் வரும், 21 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட காட்டா லூப்ஸில் முதல் கியரிலேயே ஏற வேண்டியிருக்கும். அரைக் கிளட்சில் இழுத்து இழுத்து ஏறினால் கிளட்ச் தட்டுகள் கருகிவிடும். கிளட்சை முழுதாக விட்டு, மெதுவாக, விடாமல் ஏறுங்கள். மூச்சு முட்டும் வளைவில் மனைவி இறங்கி இருபதடி நடப்பதில் அவமானம் ஒன்றுமில்லை, ஆனால் அந்த உயரத்தில் இருபதடி நடப்பதே அவருக்குப் பெரும் உழைப்பு என்பதும் நினைவிருக்கட்டும்.

சாமானை எங்கே கட்டுகிறோம் என்பது எவ்வளவு கட்டுகிறோம் என்பதைப் போலவே முக்கியம். இருவர் அமர்ந்தால் எடை பின்சக்கரத்தின் பக்கம் போய்விடுகிறது. ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி, சரளைக் கல்லில் திசை மாறத் தொடங்கும். எனவே கருவிகள், உதிரிகள், தண்ணீர் போன்ற கனமானவற்றைப் பெட்ரோல் டேங்கின் இருபுறமும் தொங்கும் பைகளில் வையுங்கள்; துணிகள் பின்னால் போகட்டும். பின் சஸ்பென்ஷனை இறுக்கிவிடுங்கள், செயினின் தளர்வை இருவரும் அமர்ந்த நிலையில் சரிபாருங்கள். பின்னால் இருப்பவர் ஏற்றத்தில் சற்று முன்னால் நகர்ந்தும், இறக்கத்தில் ஓட்டுபவரின் தோளில் சாயாமல் கைப்பிடியைப் பின்னால் பற்றியும் அமர வேண்டும். இறக்கத்தில் அவருடைய முழு எடையும் ஓட்டுபவரின் மணிக்கட்டில் இறங்கினால், மாலைக்குள் அந்தக் கைகளால் பிரேக் பிடிக்க முடியாது. இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். பிரேக் எண்ணெய் பழையதாக இருந்தால் அதில் சேர்ந்த ஈரம் சூட்டில் கொதித்து பிரேக் பிடிக்காமல் போய்விடும் என்பதால், புறப்படும் முன் மாற்றிவிடுங்கள். கிளட்ச் கேபிளையும் ஆக்சிலரேட்டர் கேபிளையும் இப்போதுள்ளவற்றின் பக்கத்திலேயே இன்னொரு ஜோடியாகக் கட்டி வைத்துக்கொண்டால், அறுந்தாலும் பத்து நிமிட வேலைதான். ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்காம் ஒரு ஜோடி வாங்குங்கள். ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். இப்போது அது இல்லாமல் கிளம்ப மாட்டேன்.

செப்டம்பரைத் தேர்ந்தது நல்ல முடிவு. ஜூலை, ஆகஸ்டில் கின்னௌர் மலைச்சரிவுகள் மழையில் சரிந்து சாலையோடு போகும். செப்டம்பர் நடுவிலும் மழையின் வால் இருக்கும் என்பதால், திட்டத்தில் இரண்டு நாட்களை எதற்கும் ஒதுக்காமல் வையுங்கள். அப்போது ஆப்பிள் அறுவடைக் காலம். குறுகிய சாலையில் பெட்டிகளை அடுக்கிய லாரிகள் வரிசையாக வரும். விலகி நிற்க வேண்டிவந்தால் எப்போதும் மலைப்பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்தின் பக்கம் வேண்டாம்.

ராம்பூரைத் தாண்டியதும் நீங்கள் செல்வது பழைய ஹிந்துஸ்தான்–திபெத் சாலையின் வழித்தடம். டல்ஹௌசி பிரபு காலத்தில், 1850இல் தொடங்கப்பட்டது. பாஸ்பா பள்ளத்தாக்கில் சித்குல் வரை ஒரு நாள் போய்வரலாம். காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லெஜில் கலக்கிறது. ஷிப்கி லா அருகே திபெத்திலிருந்து நுழையும் சட்லெஜை அங்கே விட்டுவிட்டு, நீங்கள் ஸ்பிட்டியின் கரையைப் பிடிக்கிறீர்கள். பச்சை அதோடு முடிந்துவிடும். தாபோ மடாலயம் கி.பி. 996இல் நிறுவப்பட்டது, அதாவது தஞ்சையில் ராஜராஜ சோழன் ஆண்டுகொண்டிருந்த காலம். வெளியே மண்குன்றுபோல் தோன்றும் கட்டடத்தின் உள்ளே ஆயிரமாண்டுச் சுவரோவியங்கள் இருக்கின்றன. கைவிளக்கு எடுத்துச் செல்லுங்கள், படமெடுக்க விடமாட்டார்கள். காசாவில் இரண்டு இரவுகள் கட்டாயம். 4,400 மீட்டருக்கு மேலுள்ள ஹிக்கிம் ஊரின் அஞ்சலகத்துக்குப் பகலில் ஏறிவிட்டு இரவில் காசாவுக்கு இறங்கிப் படுப்பது உடலைப் பழக்குவதற்கு நல்ல வழி.

காசாவுக்கு அப்பால் குன்சும் கணவாயைத் தாண்டி, படால் முதல் கிராம்பூ வரையிலான ஏறத்தாழ ஐம்பது கி.மீ. இந்தப் பயணம் முழுவதிலும் மிகக் கடினமான பகுதி. உருண்டைப் பாறைகளும் ஓடும் நீருமாகக் கிடப்பதைச் சாலை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். பனிமலையிலிருந்து குறுக்கே ஓடிவரும் ஓடைகளை அங்கே நாலா என்பார்கள். ஒன்றுக்குப் பாகல் நாலா, பைத்தியக்கார ஓடை என்றே பெயர். இரவில் உறைவதால் விடியற்காலையில் முழங்காலளவுகூட இல்லாத ஓடை, வெயிலில் பனி உருகியபின் பிற்பகல் இரண்டு மணிக்கு வண்டியையே உருட்டிவிடும். காலை ஏழு மணிக்குள் லோசரிலிருந்து கிளம்பினால் அஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொரு நாலாவிலும் மனைவி முதலில் இறங்கி, பாறைகளின் மேல் கடந்து, எதிர்க்கரையில் நின்று ஆழமில்லாத தடத்தைக் காட்டட்டும். நீங்கள் முதல் கியரில், எஞ்சின் வேகத்தைக் குறைக்காமல், நீரைப் பார்க்காமல் அக்கரையைப் பார்த்து ஓட்டுங்கள். இருவரும் அமர்ந்தபடியே கடக்கலாம் என்று நான் ஒரு முறை வீரம் காட்டியதில், நடு ஓடையில் சாய்ந்து, இருவரின் காலணிகளும் நான்கு நாட்கள் உலரவில்லை. அதன் பிறகு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் அவருக்கெனத் தனியாக வருகிறது.

பெட்ரோல் கணக்கு எளியதுதான். ரெக்காங் பியோ பக்கத்தில் நிரப்பினால் அடுத்து ஏறத்தாழ 200 கி.மீ. தள்ளிக் காசா, மணாலி–லே சாலையில் தாண்டி என்ற ஊரில் நிரப்பினால் லேவுக்கு முன்னால் காரு வரை 330 கி.மீ. அளவுக்கு எதையும் நம்பாதீர்கள். தாழ்ந்த கியரில் இருவரோடு ஏறும்போது மைலேஜ் நான்கில் ஒரு பங்கு குறையும் என்று வைத்து, ஐந்து லிட்டர் கேன் இரண்டு போதும். பாங்காங் ஏரியிலிருந்து ஹன்லே கிராமத்துக்குப் போகும் சுற்றுக்கும் அதே இரண்டு கேன்கள் உதவும்.

லேயில் இரண்டு இரவுகள் தங்கிப் பதிவு வேலைகளை முடியுங்கள். நுப்ரா, பாங்காங், ஹன்லே ஆகிய பகுதிகளுக்கு இணையவழியில் விண்ணப்பித்துச் சுற்றுச்சூழல் கட்டணம் செலுத்தி, அச்சுப் பிரதிகள் ஏழெட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒன்று போகும். எந்தெந்தச் சாலை அப்போது திறந்திருக்கிறது என்பதை லேயில் நேரில் கேட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும், எல்லை நிலவரத்தைப் பொறுத்து அது மாறும். வேற்றூரில் வாடகைக்கு எடுத்த வண்டியை லேயைச் சுற்றி ஓட்ட அங்குள்ள வாடகை வண்டிக்காரர்கள் அனுமதிப்பதில்லை. உங்களுடையது சொந்த வண்டி, பதிவுச் சான்றில் உங்களில் ஒருவர் பெயர் இருந்தால் போதும். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. இருவரும் வெவ்வேறு நிறுவனத்தின் போஸ்ட்பெய்ட் இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் தொலைபேசியும் அவ்வகை அவசரச் செய்திக் கருவிகளும் உரிமம் இல்லாமல் இந்தியாவில் குற்றம். வெளிநாட்டிலிருக்கும் நண்பர் அன்போடு கொடுத்தனுப்பினாலும் எடுத்துவராதீர்கள். பாலங்களையும் ராணுவ முகாம்களையும் படமெடுக்காதீர்கள்.

லேயிலிருந்து முதலில் நுப்ராவுக்குப் போங்கள், பாங்காங்குக்கு அல்ல. கர்துங் லாவை (பழைய அறிவிப்புப் பலகை 18,380 அடி என்று பெருமை பேசினாலும் உண்மை உயரம் 5,359 மீட்டர்) பகலில் கடந்தாலும், இரவில் தங்கும் திஸ்கிட் லேயைவிடத் தாழ்வானது. பாங்காங் கரையோ 4,200 மீட்டருக்கு மேல். நுப்ராவின் கோடியில் உள்ள துர்துக் கிராமம் 1971 போரின்போது பாகிஸ்தான் வசமிருந்து இந்தியாவுக்கு வந்தது. ஒரே இரவில் நாடு மாறிய பால்டி மக்களின் ஊர் அது. ஆப்ரிகாட் தோட்டங்களுக்கிடையில் ஒரு முழு நாள் அங்கே செலவிடுங்கள்.

துர்துக்கிலிருந்து திரும்பி ஷ்யோக் ஆற்றங்கரை வழியாக லே வராமலே பாங்காங் போகலாம். இங்கும் காலையிலேயே கடந்துவிட வேண்டும். 134 கி.மீ. நீளமான அந்த ஏரியில் மூன்றில் ஒரு பங்கு அளவே நம் கையில். மீதி சீனாவின் கட்டுப்பாட்டில். கரையோடு மெராக் தாண்டிச் சுஷூல் போகும் சாலை திறந்திருந்தால், 1962 நவம்பர் 18 அன்று மேஜர் ஷைத்தான் சிங்கின் குமாவோன் படைப்பிரிவு ஏறத்தாழ முழுவதும் மாண்ட ரெசாங் லாவின் நினைவிடம் வழியில் வரும். அங்கிருந்து ஹன்லே. 4,500 மீட்டரில் உள்ள அதன் வானாய்வகத்தை நடத்துவது நம் காவலூர் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான். இரண்டு மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகிலிருந்தே இயக்குகிறார்கள். ஊரில் இரவு முகப்பு விளக்கை எரிக்காதீர்கள். ஹன்லேயில் எல்லோரும் உங்களை உம்லிங் லாவுக்குப் போகச் சொல்வார்கள். 5,798 மீட்டர், உலகின் மிக உயரமான வாகனச் சாலைகளில் ஒன்று. முதல் பயணத்தில், இருவராக, வேண்டாம் என்பது என் கருத்து. புகைப்படத்துக்காக ஏறி, இறங்குவதற்குள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன்.

வெளியேறும் வழியில் லாமாயுரு, 4,108 மீட்டர் உயரமுள்ள ஃபோத்து லா, கார்கில், திராஸ். ராணுவ வாகன வரிசை எதிரே வந்தால் முழுவதும் போகும்வரை ஒதுங்கி நில்லுங்கள், இடையில் புகாதீர்கள். 1999 கார்கில் போரில் திராஸின் தோலோலிங் உச்சியில் அமர்ந்த பாகிஸ்தான் படையினர் நேராகக் கீழே பார்த்துச் சுட்டது இந்தச் சாலையைத்தான். நினைவிடத்தில் நின்று நிமிர்ந்தால், போர் ஏன் அந்தக் குன்றுக்காக நடந்தது என்பதற்கு வரைபடமே தேவைப்படாது. திருச்சியில் வளர்ந்த மேஜர் சரவணன் அதே ஆண்டு மே 29 அன்று வீழ்ந்த படாலிக், கார்கிலுக்கு வடகிழக்கே இருக்கிறது.

கடைசி இரவைத் திராஸில் வைத்துக்கொண்டு, மறுநாள் சோஜிலாவில் எந்த நேரத்தில் எந்தப் பக்கத்து வண்டிகளை விடுகிறார்கள் என்று மாலையிலேயே காவலரிடம் கேட்டுவிடுங்கள். 3,528 மீட்டர்தான் என்று அலட்சியம் வேண்டாம். மழை பெய்தால் அந்தச் செம்மண் சேறு, 5,000 மீட்டர் கணவாய்களைவிட மோசமாக வழுக்கும். ஓரத்தில் தடுப்புச்சுவர் இல்லாத வளைவுகளில் மனைவி கண்ணை மூடிக்கொள்ள விரும்பினால் மூடிக்கொள்ளட்டும், இன்டர்காமில் மட்டும் நீங்கள் பேசிக்கொண்டே வாருங்கள். அந்த இறக்கம் முடியும் இடத்தில் சோன்மார்க்கின் ஊசியிலை மரங்கள் தொடங்குகின்றன. இரண்டு வாரத்துக்கும் மேலாக மரக்கூட்டத்தையே காணாத கண்களுக்கு அது என்னவாக இருந்ததோ, என் மனைவி அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி அரைமணி நேரம் வெறும் புல்லில் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீநகருக்கு அங்கிருந்து 80 கி.மீ.தான், இருட்டுவதற்குள் போய்விடலாம்.